சங்கத்தில் இல்லாத டாக்டர்

டாக்டர் சுந்தரதாஸுக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. காலை பாசஞ்சர் பாறசாலைக்குத் தாமதமாக வந்தால் போதும். சரியான நேரத்துக்கு வந்துவிட்டாலோ, தினமும் இப்படி வந்தால் என்ன கேடு என்று அதற்கும் ஒரு கோபம். பிளாட்பாரத்தில் வழக்கமாக நிற்கிற கோர்ட்டு குமாஸ்தாக்களும் செக்ரடேரியட்டுக்காரர்களும் அவரை விட்டு இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள். ரயில்வேயைப் பற்றி அவர் காதில் விழும்படி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நெய்யாற்றின்கரை தாண்டும்வரை அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே போகவேண்டும்.

நகரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் அவர் நரம்பியல் துறை உதவிப் பேராசிரியர். காலையில் வார்டு, பிறகு வகுப்பு, பிறகு துறைத் தலைவர் தலையில் கட்டும் காகித வேலைகள். சாயங்காலம் ஊர் திரும்பி, பாறசாலையில் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முற்றம் நிறைந்துவிடும். வெள்ளறடையில் ரப்பர் வெட்டுகிறவர்கள், காரோடு ஊர்க் கூலிக்காரர்கள், பொழியூர்க் கடற்கரைக்காரர்கள். அந்தப் பக்கத்து ஜனங்கள் சுழலி என்று சொல்லும் வலிப்பு நோய்க்கு இவரை விட்டால் ஆளில்லை என்று பேர். கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்கத் தைரியம் வேண்டும்.

"மாத்திரைய ஒழுங்கா தின்னியா?" என்று கேட்பார்.

"தின்னேன் சாரே. ரெண்டு நாளு மட்டும்..."

அவ்வளவுதான். அந்த இரண்டு நாளைப் பற்றி முற்றத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளும் அளவுக்குச் சத்தம் போடுவார். வேறு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எதையாவது யாராவது நீட்டினால் இன்னும் மோசம். "அங்கதான் காட்டுதியே, பின்ன இஞ்ச எதுக்கு வந்த?" என்று சீட்டை நாலாகக் கிழித்துப் போட்டுவிடுவார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் தங்கள் மடியில் இருந்த சீட்டுகளை இன்னும் உள்ளே தள்ளிக்கொள்வார்கள்.

எல்லாக் கோபங்களிலும் பெரிய கோபம் சங்கத்தின் மேல். தென்கோடி நரம்பியல் மருத்துவர் சங்கம் என்று ஒன்று இருந்தது. தமிழ்நாட்டுக்கும் மலையாளத்துக்கும் நடுவிலுள்ள எல்லையின் இரண்டு பக்கமும் உள்ள மாவட்டங்களின் நரம்பியல் டாக்டர்கள் அதில் உறுப்பினர்கள். மருத்துவக் கல்லூரிகளில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள்தான் அதிகம். அவ்வப்போது கூட்டம், வருஷத்துக்கு ஒரு மாநாடு, மாநாடு முடிந்தால் மருந்துக் கம்பெனி செலவில் சாப்பாடு. சுந்தரதாஸும் அதில் இருந்தவர்தான். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் மாநாட்டில் ஒரு கட்டுரை வாசிக்கப் போனார். தொடக்க விழாவுக்கு வந்த மந்திரி மேடையை விட்டு இறங்குவதாக இல்லை. அவர் பேசி முடித்தபோது சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. சுந்தரதாஸ் மேடையேறி இரண்டாவது படத்தைக் காட்டும்போதே தலைமை வகித்த டாக்டர் ராஜப்பன் மணியடித்துவிட்டார். இந்த ராஜப்பன் சங்கத்தின் செயலாளர், நெய்யாற்றின்கரைக்காரர், சுந்தரதாஸுக்குக் கல்லூரியில் இரண்டு வருஷம் மூத்தவர்.

சுந்தரதாஸ் மைக்கை விடவில்லை. "இது சங்கமில்லை, பந்தி. இலை போட்டால் கூட்டம் சேருகிறது. எனக்குப் பசியில்லை" என்று சொல்லி இறங்கி, சட்டைப்பையில் குத்தியிருந்த அட்டையைக் கழற்றி ராஜப்பன் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். மறுநாளே ராஜினாமாவும் எழுதி அனுப்பினார். ரயிலில் திரும்பும்போது ஒரு ராஜ்யத்தையே துறந்து வருகிறவர் மாதிரி ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவர் மனைவி லீலாபாய், பள்ளிக்கூட டீச்சர், முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப சோறும் தின்னாமலா வந்திய?"

அடுத்த நாலு வருஷம் சங்கத்தின் சுற்றறிக்கை துறைக்கு வந்தால் அதைப் படிக்காமல் அடுத்த மேஜைக்குத் தள்ளுவார். கூட்டத்துக்குப் போய்வந்த சகாக்கள் அங்கே பேசியதைச் சொல்ல ஆரம்பித்தால், "பாயசம் என்ன பாயசம்?" என்று கேட்டு வாயை அடைப்பார். மற்ற ஊர் டாக்டர்கள் என்ன பார்க்கிறார்கள், என்ன தடுமாறுகிறார்கள், எதற்கு எந்த மருந்தைக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் அறியாமலே நடந்துகொண்டிருந்தது. அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது என்று சொல்லவேண்டும்.

அந்தக் காலத்தில்தான் பொழியூரிலிருந்து சகாயதாஸ் வந்தான். முப்பது வயது இருக்கும், வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். கடலில் வைத்தே ஒருதரம் வலிப்பு வந்து, கூடப் போனவர்கள் வலையைப் போட்டபடி போட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார்களாம். அவன் மனைவி எமில்டா பக்கத்தில் நின்று அதைச் சொன்னாள். சுந்தரதாஸ் ஃபெனிட்டாயின் மாத்திரை எழுதிக் கொடுத்தார், நாளைக்கு மூன்று. வலிப்பு நின்றது. சகாயதாஸ் மறுபடி கடலுக்குப் போனான். எமில்டா ஒரு நெய்மீனைக் கொண்டுவந்து அடுக்களைப் பக்கமாக லீலாபாயிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

சில மாதம் கழித்து அவன் ஆடிக்கொண்டு வந்தான். நடக்கும்போது கால் அகல வைத்தான். திரும்பும்போது சுவரைப் பிடித்தான். பேச்சு குழறியது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னால் கண்மணி துடித்தது.

"எலே, குடிச்சிட்டா வந்திருக்க?"

"மாதாவாண இல்ல சாரே. கரையிலயும் இதத்தான் பறையினும். சகாயன் வெளுக்கும் முன்ன ஏத்திட்டான்னு. வள்ளத்துல கேற விடமாட்டம்னு முதலாளி சொல்லியாச்சு."

எமில்டா குறுக்கே வந்தாள். "இவரு தொட்டதே இல்ல சாரே. கடலுக்குப் போனாத்தான் எங்களுக்குக் கஞ்சி. நேரா நிக்க வச்சுத் தாருங்க, அது போதும்."

மருந்து அதிகமானால் இப்படி ஆகும் என்பது சுந்தரதாஸுக்குத் தெரியாதா? மாணவர்களுக்கு வருஷாவருஷம் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. ஒரு மாத்திரையைக் குறைத்தார். அடுத்த மாதம் பார்த்தால் ஆட்டம் அப்படியே இருந்தது. "வேற எங்கயாவது காட்டுதியா? வேற மாத்திரை தின்னியா?" என்று கேட்டார். கேட்ட விதமே, ஆமாம் என்று சொல்லிப்பார் என்பது போல இருந்தது. சகாயதாஸ் எமில்டாவைப் பார்த்தான். எமில்டா தரையைப் பார்த்தாள். "இல்ல சாரே" என்றான்.

உண்மை என்னவென்றால் அவன் இன்னொரு டாக்டரிடமும் காட்டிக்கொண்டிருந்தான். எல்லையோரத்து ஜனங்களின் பழக்கம் அது. அவர்களுக்குக் கொண்டான் கொடுத்தான் இரண்டு பக்கமும் உண்டு, சந்தை இரண்டு பக்கமும் உண்டு, அதனால் வைத்தியமும் இரண்டு பக்கமும் உண்டு. பெரிய நோயென்றால் மலையாளத்து டாக்டரிடமும் காட்டவேண்டும், தமிழ்நாட்டு டாக்டரிடமும் காட்டவேண்டும், அப்போதுதான் மனசு அடங்கும். காலையில் பாறசாலை. மத்தியானம் பஸ் ஏறிக் களியக்காவிளை தாண்டினால் சாயங்காலம் மார்த்தாண்டம். அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைகளில் நரம்பியல் டாக்டர் ஒருவர் உட்கார்ந்தார். அவரும் எழுதிக் கொடுத்தது ஃபெனிட்டாயின்தான். கம்பெனி வேறு, பெயர் வேறு, இங்கே வெள்ளை மாத்திரை, அங்கே கேப்சூல். காலையில் இந்த டாக்டர் மருந்து, ராத்திரி அந்த டாக்டர் மருந்து என்று சகாயதாஸ் ஒருநாள் தவறாமல் தின்றான். ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டர் பேரை மட்டும் எடுக்கமாட்டான். கிழித்துப் போட்ட சீட்டை அவனும் பார்த்தவன்தானே.

ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்திருந்தால் ஒரு நாளில் குட்டு வெளிப்பட்டிருக்கும். அந்தச் சோதனை சுந்தரதாஸின் கல்லூரியில் அப்போது இல்லை. நகரத்திலேயே இன்னொரு இடத்தில் இருந்தது. ஒரு போன் போட்டால் போதும், ரத்தத்தை அனுப்பலாம். ஆனால் அந்த ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர் யார்? டாக்டர் ராஜப்பன். "அந்த ஆளிடம் கை நீட்டுவதா? ரெண்டு மாத்திரையில் ஒரு ஆண்பிள்ளைக்கு விஷம் ஏறுமா? இது வேறு ஏதோ" என்று சுந்தரதாஸ் முடிவு கட்டினார்.

வேறு ஏதோ என்று தேட ஆரம்பித்தால் படித்தவனுக்கு எதுவும் கிடைக்கும். அடுத்த இரண்டு வருஷத்தில் அதே மாதிரி ஆடிக்கொண்டு இன்னும் சிலர் வந்தார்கள். வெள்ளறடையில் ரப்பர் வெட்டும் தங்கையன், காரோட்டு விலாசினி என்று ஆறு பேர், சகாயதாஸோடு சேர்த்து ஏழு. எல்லோரும் எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவர்கள். நெய்யாற்றின்கரைக்கு வடக்கே ஒருவர்கூட இல்லை. எல்லை ஓரத்தில் மட்டும் ஒரு நோய்! சுந்தரதாஸுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த ஏழு பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார். எல்லோரும் தினமும் மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, தின்கிறவர்கள். மரச்சீனியில் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு உண்டு என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தது நினைவுக்கு வந்தது. பிறகென்ன, முற்றத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் மரச்சீனி விலக்கு. கிழங்கு தின்னாதே, கிழங்கு தின்னாதே என்று மாத்திரைச் சீட்டில் சிவப்பு மையில் எழுதினார்.

"மரச்சீனியா?" என்றாள் லீலாபாய். சட்டியில் அப்போது அதுதான் வெந்துகொண்டிருந்தது. "இந்த ஊருல மரச்சீனி தின்னாதவன் ஆரு? அப்பிடிப் பாத்தா பாறசாலையே ஆடியல்லவா நடக்கணும்?"

"ஒனக்கு இது மனசிலாவாது லீலா. கசப்புக் கிழங்குன்னு ஒரு வகை உண்டு."

"எனக்கு மனசிலாவாண்டாம். அந்த எமில்டா போன வாரமும் அடுக்களையில வந்து நின்னு அழுதா. கிழங்கும் தின்னக்கூடாது, கடலுக்கும் போகக்கூடாதுன்னா, பின்ன என்னத்த தின்னுவோம் அக்கான்னு கேக்கா. நான் என்ன பறைய?"

அவர் எழுந்து போய் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. கிழங்கை நிறுத்தியும் சகாயதாஸின் ஆட்டம் நிற்கவில்லை. நிற்கவில்லை என்பது மட்டுமல்ல, கூடிக்கொண்டிருந்தது. வாசல்படி இறங்க இப்போது எமில்டாவின் தோள் வேண்டியிருந்தது. ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் ஒரு பக்கம், கண்டுபிடித்தும் அவனை நேராக நிற்கவைக்க முடியவில்லை என்ற எரிச்சல் ஒரு பக்கம். ராத்திரி சாப்பாட்டில் மீனை ஒதுக்கிவைத்தார்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னார். அவர் சாவதானமாகக் கேட்டுவிட்டு, "சங்கத்தில் வாசி. நாலு பேர் கேட்டால்தான் நாலு கேள்வி வரும். பிறகு பத்திரிகைக்கு அனுப்பலாம்" என்றார்.

"சங்கமில்லாமல் ஒன்றும் நடக்காதா?"

"நீயும் உன் நோயாளியும் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது ஆராய்ச்சி இல்லை, சுந்தரதாஸ்."

உறுப்பினராக இல்லாதவர் மாநாட்டில் வாசிக்க முடியாது. ராஜினாமா செய்தவர் திரும்பச் சேர இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போடவேண்டும், செயலாளர் ஒப்புக்கொள்ளவேண்டும். முதல் கையெழுத்துக்குப் போனவரிடம், "ராஜப்பன் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு..." என்று இழுப்பு. இரண்டாவது ஆள், முன்பு பாயசம் பற்றிக் கேட்டு வாயடைக்கப்பட்டவர், "பாயசம் சாப்பிட ஆசை வந்துவிட்டதா?" என்று சிரித்தார். சுந்தரதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சகாயதாஸ் சுவரைப் பிடித்துத் திரும்பும் காட்சி மட்டும் கண்ணில் இல்லாவிட்டால் அந்த விண்ணப்பத்தை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பார். கையெழுத்துகள் வாங்கினார். பிறகு ராஜப்பனின் ஆய்வகத்துக்குப் போய் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். உள்ளே கூப்பிட வெகுநேரமாயிற்று.

"எடோ சுந்தரதாஸே! வா, இரி" என்றார் ராஜப்பன். தலை நரைத்திருந்தது. விண்ணப்பத்தைக் கையில் வாங்கிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "நாலு வருசமாச்சு. நீ போனதுல சங்கத்துக்கு ஒண்ணும் கொறையல்ல கேட்டியா. ஒனக்கு ஒண்ணும் கொறையலியா?"

"எனக்கென்ன குறை?" என்றார் சுந்தரதாஸ். நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வெளியே வந்தார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் மாநாடு நாகர்கோவிலில், ஒரு ஓட்டல் மேல்மாடி மண்டபத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. பாறசாலை வீட்டு வாசலில் இன்று டாக்டர் இல்லை என்று பலகை. சுந்தரதாஸ் மேடையேறியபோது மந்திரி யாரும் இல்லை, மணியடிக்கவும் அவசரமில்லை. எல்லையோரத்து வரைபடத்தைத் திரையில் காட்டினார். ஏழு புள்ளிகள். மரச்சீனியின் நஞ்சைப் பற்றி விளக்கினார். குரல் கணீரென்று இருந்தது. எத்தனை வருஷம் ஆயிற்று இப்படி நாலு பேர் முன்னால் நின்று தன் வேலையைப் பற்றிப் பேசி! உள்ளூர ஒரு குளிர்ச்சி இறங்கியது. இதை இழந்தா உட்கார்ந்திருந்தோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கேள்வி நேரத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி. டாக்டர் ஸ்ரீகுமாரி, தமிழ்நாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் ஆசிரியை என்று சொல்லிக்கொண்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார்.

"உங்கள் முதல் நோயாளி, அந்த மீனவர், பொழியூர்க்காரரா? புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டா?"

"உண்டு" என்றார் சுந்தரதாஸ். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களிடம் வருகிறாரா?"

"ஆமாம்."

"சாயங்காலம் மார்த்தாண்டத்தில் என்னிடம் வருகிறார்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. ஸ்ரீகுமாரி சிரிக்கவில்லை.

"நீங்கள் கொடுப்பது என்ன மருந்து, டாக்டர்?"

"ஃபெனிட்டாயின்."

"நானும் அதுதான் கொடுக்கிறேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. என் நோயாளிக்கு மருந்து கொடுக்க நீ யார் என்று கத்துவதற்குச் சுந்தரதாஸ் வாயைத் திறந்தார். பழக்கம் அப்படி. அப்போதுதான் கண் திரைக்குப் போயிற்று. திரையில் ஏழு புள்ளிகளும் எல்லைக்கோட்டை ஒட்டி வரிசையாக நின்றன. அந்த இடங்களிலிருந்தெல்லாம் மார்த்தாண்டத்துக்கு பஸ் உண்டு. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே ஒருவரும் இல்லாததற்குக் காரணம் மரச்சீனி அல்ல என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மேடையிலிருந்து எப்படி இறங்கினார் என்று பிற்பாடு யோசித்தால் அவருக்கு நினைவில்லை.

டீ நேரத்தில் ஸ்ரீகுமாரியே தேடி வந்தார். இப்போது ஊர்ப் பேச்சு.

"நான் மார்த்தாண்டத்துக்காரியாக்கும் டாக்டரே. அவரு ஆடி ஆடி வந்தப்ப எனக்கும் ஒண்ணும் பிடிகிட்டல்ல. நான் ஒரு கேப்சூலு கொறச்சேன். வலிப்பு வந்திரப்படாதேன்னு முழுசா நிறுத்தப் பயம்."

"நானும் ஒண்ணு கொறச்சேன்" என்றார் சுந்தரதாஸ்.

"ஒரு நாளு அவருக்க பொஞ்சாதி வாய் தவறிச் சொல்லிட்டா, பாறசாலையில ஒரு சாரு உண்டுன்னு. ஒரு ஆளுட்ட காட்டினா போதும்னு சொன்னேன். தலையாட்டினாவ. பின்னயும் ரெண்டு எடத்துக்கும் போயிருக்காவ. சாருக்க பேரு என்னன்னு கேட்டேன், பறையல்ல. கோவிப்பாருன்னு அப்பிடியொரு பயம்." ஸ்ரீகுமாரி டீயை ஆற்றினார். "ரெண்டு வருசம் முன்ன கன்னியாகுமரியில கூட்டம் நடந்துதில்லியா, அண்ணைக்கு நான் எந்திரிச்சு நின்னு மைக்குலயே கேட்டேன். பாறசாலைப் பக்கம் நோயாளி பாக்குத டாக்டரு ஆராவது இஞ்ச உண்டுமான்னு. ஒரு கையும் மேல வரல்ல."

பக்கத்தில் நின்ற ராஜப்பன் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, "நான் சொன்னேன்லா," என்றார். "ஒருத்தன் உண்டு, பக்ஷே சங்கத்துல இல்லன்னு. பின்ன ஆரும் பேரு கேக்கல்ல." அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். சுந்தரதாஸ் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் அப்படியே மேஜையில் வைத்தார்.

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. எரிச்சலூட்டும் அளவுக்குச் சுலபமாக நடந்தன. ஏழு பேர் ரத்தமும் ராஜப்பனின் ஆய்வகத்துக்குப் போயிற்று. ஏழிலும் மருந்து எல்லை மீறியிருந்தது. இரண்டு டாக்டர்களும் போனில் பேசி, இன்னாரை இனி இவர் பார்ப்பது, இன்னாரை அவர் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டார்கள். மாதம் திரும்புவதற்குள் தங்கையன் மரத்துக்கு மரம் நேராக நடந்து பால் வெட்டினான். விலாசினி தலையில் குடம் வைத்து வந்தாள். மரச்சீனியை மறுபடி தின்னலாம் என்று சொல்லவேண்டியிருந்தது. சொன்னபோது சிலர் மிரண்டு பார்த்தார்கள், சிலர் எப்போதோ தின்ன ஆரம்பித்திருந்தார்கள்.

சகாயதாஸ் மட்டும் தேறவில்லை. பேச்சு கொஞ்சம் தெளிந்தது. கண்மணித் துடிப்பு குறைந்தது. கால் நிற்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மழை வந்து போயிற்று. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பை நிலைநிறுத்துகிற சிறுமூளை சுருங்கியிருந்தது. அந்த மருந்து நெடுநாள் அளவுக்கு மீறி ஓடினால் அபூர்வமாகச் சிலருக்கு அப்படி ஆகும், ஆகிவிட்டால் பிறகு திரும்பாது. சுந்தரதாஸ் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடியே ஸ்ரீகுமாரிக்குப் போன் போட்டார்.

"ரெண்டு வருசம் முன்ன நிறுத்தியிருந்தா?" என்று கேட்டார்.

"அண்ணைக்கு ஆட்டம் இத்தற இல்ல டாக்டரே," என்றார் ஸ்ரீகுமாரி. "சுவரு பிடிக்காம வந்தாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளை அனுப்பிவிட்டு, சுந்தரதாஸ் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பொழியூருக்குப் போனார். சொல்லவேண்டியதை முன்னறையில் வரிசையில் நிற்கவைத்துச் சொல்ல மனம் வரவில்லை. கரையில் ஒரு வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஏலேலோ போட்டுத் தள்ளும் சத்தம். சகாயதாஸ் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரைக் கண்டதும் எழப்பார்த்து, ஒரு கையை ஊன்றி, மறுபடி உட்கார்ந்துவிட்டான். எமில்டா வீட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"சாரே, நேரிட்டு வந்தாச்சா! நல்ல சேதியாக்கும், இல்லியா? இனி கடலுக்குப் போலாமா?"

தெரிந்த பதிலைத் தள்ளிப்போடுவதற்காகத்தான் அவர் அவனை நடந்துகாட்டச் சொன்னார். ஈர மணலில் ஒரு காலுக்கு முன்னால் ஒரு கால் வைத்து, நேர்க்கோட்டில். சகாயதாஸ் எழுந்தான். இரண்டு அடி வைத்தான். மூன்றாவதில் உடம்பு சரிந்தது. எமில்டா பிடித்துக்கொண்டாள். வள்ளம் தள்ளுகிறவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

சுந்தரதாஸ் சொன்னார். எளிய வார்த்தைகளில், சுற்றி வளைக்காமல் சொன்னார். இனி இவ்வளவுதான், கரையில் ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம், வள்ளத்தில் நிற்க முடியாது. எமில்டா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஆருக்க மாத்திரையாக்கும் சாரே கூடிப்போச்சு?" என்று முந்தானையை எடுத்துவிட்டுக் கேட்டாள். "ஒங்களுக்கதா, அந்த டாக்டரம்மாக்கதா?"

"ரெண்டும் ஒரே மாத்திரை."

"அதெப்பிடி சாரே, ஒங்க ரெண்டு பேருக்கும் தம்மில் அறியாதா? அந்தம்மாவும் இந்தத் தீனத்துக்குத்தானே பாக்காவ?"

சுந்தரதாஸுக்கு, அவளாவது ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லக்கூடாதா என்று இருந்தது. அவள் கேட்டது நிஜமான கேள்வி. பதில் கிடைத்தால் தெரிந்துகொள்ளலாம் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளெல்லாம் யாருக்காவது பதிலடி கொடுத்தே பழகிய வாய்க்கு அந்தக் கடற்கரையில் ஒன்றும் அகப்படவில்லை. முகம் சிவந்து உதடு துடித்தது.

அந்த முகத்தைச் சகாயதாஸ் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த முகம்தான். ஆட்டத்தை அடக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினான்.

"தப்பு எனக்கதாக்கும் சாரே. ரெண்டு எடத்துல காட்டுனத நான் மறைச்சேன். சாரு கோவிக்கண்டாம்."